பரணில் கிடந்த பாலம்

பரணை ஒழிக்கும்போதெல்லாம் என் மனைவி அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, "இதையாவது எடைக்குப் போடலாமா?" என்று கேட்பாள். முகம் நீலம், உடம்பு கறுப்பு, பின்னால் இரண்டு கொம்பு. 2006-ல் பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த லிங்க்ஸிஸ் ரவுட்டர். சில வருஷம் உழைத்தது. பிறகு இன்டர்நெட் இணைப்பை மாற்றியபோது அவர்களே ஒரு ரவுட்டர் கொடுத்தார்கள். இது பரணுக்குப் போனது. "இருக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தேன். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவனுக்கு, ஓடுகிற சாமானை வெளியே போட மனசு வராது.

2020 ஏப்ரலில் அந்தப் பெட்டி எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. அதைச் சொல்ல உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் ஐம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மகள் வயிற்றுப் பேத்தி அப்போது பொறியியல் கடைசி வருஷம். கொரோனா என்று ஹாஸ்டலை திடீரென்று காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று கும்பகோணத்துக்கு எங்களிடம் வந்தவள், ஊரடங்கில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய லேப்டாப் ஹாஸ்டல் அறைக்குள் பூட்டிக்கிடந்தது. அந்த நேரம் பார்த்து வேலைக்கான நேர்முகத் தேர்வைக் கணினி வழியாக நடத்தப்போகிறோம் என்று தகவல் வந்தது. இன்னும் ஐந்தே நாள்.

வீட்டில் இருந்தது ஒரு பழைய மேசைக் கணினி. அதில் வைஃபை கிடையாது, கேபிள் செருகினால்தான் உண்டு. அது இருப்பது இரண்டாம் கட்டில். இணைப்பு வந்து இறங்குவது ரேழியில். நடுவே கூடம், முற்றம், ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவர்கள். கையிலிருந்த கேபிளின் நீளம் ஆறடி. கடைகள் எல்லாம் அடைப்பு.

கணினியை ரேழிக்குத் தூக்கிவரலாமே என்பீர்கள். வந்தோம். ஒத்திகை பார்க்கத் தோழி ஒருத்தியோடு பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம், தெருவில் நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்" என்று நின்று நிதானமாக அறிவித்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வரும். பேத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தா, உள்ளே உட்கார்ந்தாதான் சரிப்படும்" என்றாள். எனக்குப் பரண் ஞாபகம் வந்தது.

"அந்தப் பழைய ரவுட்டரை பிரிட்ஜ் ஆக்கிடலாம்மா" என்றேன்.

"ஃபிரிட்ஜுக்கு இப்ப என்னங்க வந்தது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி.

அவளுக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். ரவுட்டர் என்பது தபால் பிரிக்கும் ஆபீஸ் மாதிரி. உள்ளூர் எது, வெளியூர் எது என்று பார்த்து அனுப்பும். இரண்டு தனித்தனி ஊர்களுக்கு நடுவே நிற்பது அதன் வேலை. பிரிட்ஜ் என்பது வாய்க்கால் மேல் போட்ட பாலம். இந்தக் கரைத் தெருவையும் அந்தக் கரைத் தெருவையும் ஒரே தெருவாக்கிவிடும். நடப்பவனுக்குத் தண்ணீரைத் தாண்டியதே தெரியாது. ரேழி ரவுட்டர் காற்றில் அனுப்புவதைப் பரண் ரவுட்டர் வாங்கி, தன் முதுகிலுள்ள துளை வழியாகக் கேபிளில் கொடுக்கும். கணினிக்கு, ரேழியிலேயே கேபிள் போட்டு உட்கார்ந்த மாதிரி.

காற்றில் கணினிச் செய்தியை அனுப்பும் வேலை ஹவாய்த் தீவுகளில் ஆரம்பித்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 1971-ல் அலோகாநெட் என்ற வலையமைப்பை ஓடவிட்டார்கள். தீவுகளுக்கு நடுவே கடல். டெலிபோன் கம்பியை நம்பாமல் ரேடியோ அலையில் கணினிகளைப் பேசவைத்தார்கள். பேச வேண்டியவன் பேசிவிட வேண்டியது. இரண்டு பேர் ஒரே சமயம் பேசிச் செய்தி கெட்டுப்போனால், கொஞ்சம் பொறுத்து மறுபடி பேச வேண்டியது. கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் பேசிக்கொள்வதும் இப்படித்தானே!

வேடிக்கை என்னவென்றால், காற்றில் பிறந்த இந்த யோசனை அடுத்துக் கம்பிக்குள் போனது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் அலோகாவைப் படித்து, அதைத் திருத்தி, 1973-ல் ஈதர்நெட் என்ற கேபிள் முறையை வகுத்தார். இன்று கணினிக்குப் பின்னால் செருகுகிறோமே, அந்தக் கேபிளின் மூதாதை அது.

ஈதர்நெட் கேபிளுக்கு நீள வரம்பு உண்டு. ஆபீஸ் பெரிதானால் இரண்டு மூன்று வலைகளாகப் போட்டுப் பிறகு இணைக்க வேண்டும். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் மார்க் கெம்ப் என்பவர் 1980-களின் முற்பாதியில் அதற்கொரு பெட்டி செய்தார். பிரிட்ஜ் என்ற பெயர் அங்கே நிலைத்தது. ஆனால் இரண்டு கரைக்கு நடுவே தெரியாமல் இரண்டு பாலம் போட்டுவிட்டால், செய்தி இதில் போய் அதில் திரும்பி, சுற்றிச்சுற்றி வந்து வலையையே முடக்கிவிடும். அதே நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் இதற்கு வழி கண்டார். பாலங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, உபரியான வழியைத் தாங்களே அடைத்துவைக்கும் முறை அது. இன்றும் ஆபீஸ்களில் அதன் வழிவந்த முறைகளே ஓடுகின்றன.

அதே 1985-ல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நம் ஊரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சின்னப் புத்தகம். வருஷாவருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். எங்கள் அப்பா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருப்பார். பாட்டைக் கேட்பதற்கே அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிய காலம். எண்பதுகளின் நடுவில்தான் அது போனது. கேட்பதற்கே அப்படியென்றால், வீட்டுக்குள் ஒருவன் தானே அலை பரப்புவதை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1985 மே மாதம் சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்கள் இரைச்சல் கிளப்பும் பகுதி. யாரும் சீந்தாத புறம்போக்கு என்று சொல்லலாம். குறைந்த சக்தியில், விதித்த முறைப்படி, தனி லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அதில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். புறம்போக்கில்தான் பின்னால் ஊரே குடியேறியது.

முதலில் பயன் கண்டவர்களில் கல்லாப்பெட்டிக்காரர்களும் உண்டு. என்.சி.ஆர். என்பது கடைகளுக்கு கேஷ் ரெஜிஸ்டர் செய்துவந்த பழைய அமெரிக்க நிறுவனம். கடையில் சாமான்களை இடம் மாற்றும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கி மறுபடி போட வேண்டியிருந்தது. கம்பி இல்லாமல் இணைக்க முடியுமா என்று அவர்களுடைய நெதர்லாந்துக் கிளையில் முயன்றார்கள். அங்கிருந்த விக் ஹேய்ஸ் என்ற பொறியாளர், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி வேண்டும் என்று 1990-ல் அமைந்த ஐ.இ.இ.இ. குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஏழு வருஷ விவாதத்துக்குப் பிறகு 1997-ல் 802.11 என்ற விதி வந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 ஆனது. வைஃபை என்ற பெயரும் அந்த வருஷம்தான். 2003-ல் வந்த 'ஜி' வகை, 54 மெகாபிட்.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. பையன் ரவுட்டரோடு வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருஷம். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெட்டியில் விளக்கு எரிந்ததும், "யாரும் வந்து கேட்க மாட்டார்களே?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

சரி, அலை திறந்தது, விதி பொதுவானது. அப்படியானால் எந்த ரவுட்டரையும் பாலமாக்கிவிடலாமா என்றால், முடியாது. இரண்டு தடை.

முதல் தடை முகவரி. ஒவ்வொரு கணினிக்கும் பிறவியிலேயே ஒரு அடையாள எண் உண்டு. வைஃபையில் ஒரு கருவி தன்னைப் பதிந்துகொண்டால், அந்த ஒரு எண்ணோடு பேசத்தான் பிரதான ரவுட்டர் ஒப்புக்கொள்கிறது. இதற்குப் பின்னால் இன்னொரு கணினி உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்குப் புரியாது. சாதாரண வைஃபை உறையில் அதை எழுத இடமும் இல்லை. நாம் என்ன செய்வோம்? கடிதத்தில் 'மே/பா' போட்டு, வீட்டுக்காரர் பெயரைக் கீழே எழுதுவோம். தபால்காரர் வீட்டுக்காரரிடம் கொடுப்பார், அவர் குடியிருப்பவரிடம் சேர்ப்பார். பாலமாக மாறிய ரவுட்டர் செய்வதும் அதுதான். பின்னால் இருக்கும் கணினியின் செய்தியைத் தன் எண்ணிலேயே அனுப்பி, பதில் வந்தால் யாருக்கு என்று ஞாபகம் வைத்து உள்ளே கொடுக்கும். இதற்கு கிளையண்ட் பிரிட்ஜ் என்று பெயர்.

இரண்டாவது தடை, இந்த வேலையைச் செய்ய அதற்குச் சொல்லித்தர வேண்டும். கடையில் வாங்கும்போது என் ரவுட்டரில் இருந்த நிரலில் அந்த வசதி கிடையாது. பெட்டிக்குள் திறமை இருந்தது, கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டு திறந்த கதை இதோ.

லிங்க்ஸிஸ் என்பது விக்டர் சாவோ, ஜேனி சாவோ என்ற தைவானியத் தம்பதி 1988-ல் கலிபோர்னியாவில் தங்கள் வீட்டிலிருந்து தொடங்கிய நிறுவனம். 2002 டிசம்பரில் டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி என்ற ரவுட்டரைக் கொண்டுவந்தார்கள். நன்றாக விற்றது. 2003-ல் சிஸ்கோ நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் மதிப்பில் லிங்க்ஸிஸை வாங்கியது.

அதே 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்ற நிரலர் ஒரு விஷயத்தைப் பொதுவில் எழுதினார். இந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்றார். லினக்ஸ் இலவசம்தான். ஆனால் அதன் உரிமமான ஜி.பி.எல். ஒரு நிபந்தனை போடுகிறது. இதை எடுத்து உன் பொருளில் வைத்து விற்கலாம். விற்றால், நீ செய்த மாற்றங்களோடு மூல நிரலை, வாங்கியவர் கேட்டால் கொடுக்க வேண்டும். ரவுட்டரோடு அதைக் கொடுக்கவில்லையே என்று அவரும் மற்றவர்களும் கேட்டார்கள். விசாரித்தால், லிங்க்ஸிஸ் அந்தச் சிப்பை பிராட்காமிடம் வாங்கியிருக்கிறது, பிராட்காம் நிரல் வேலையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. யாரும் மேலே தகவல் சொல்லவில்லை. ஆபீஸில் கோப்பு மேசை மாறுகிற கதைதான்.

அந்த வருஷத்திலேயே மூல நிரல் வெளியானது. அதை வைத்து 2004-ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜெர்மனியிலிருந்து டிடி-டபிள்யூ.ஆர்.டி. வந்தது. சில ஆயிரம் ரூபாய் வீட்டுப் பெட்டியில், விலை உயர்ந்த ஆபீஸ் கருவிகளின் வித்தைகள் வந்து உட்கார்ந்தன. கிளையண்ட் பிரிட்ஜும் அவற்றில் ஒன்று.

2005-ல் லிங்க்ஸிஸ் அந்த ரவுட்டரின் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு வேறொரு நிரல் வைத்தது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் பழைய உள்ளமைப்போடு, பெயரில் ஓர் எல் சேர்த்து, தனியாக ஒன்றை விற்றார்கள். அந்த எல் லினக்ஸுக்காக. பத்து வருஷத்துக்கும் மேல் அது கடைகளில் இருந்தது. என் பரணில் கிடந்ததும் அதுதான்.

இது வெள்ளைக்காரர்கள் வீட்டு விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் தேனியில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு தேனியிலும் கிளை உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் சிறு கண் மையங்கள். கண் டாக்டர் தேனியில், நோயாளி கிராமத்தில், நடுவே நல்ல டெலிபோன் கம்பி இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் குழு, உயரமான கம்பங்களில் திசை பார்த்த ஆன்டெனா வைத்து, சாதாரண வைஃபை ரேடியோவையே பல கிலோமீட்டருக்குப் பேசவைத்தது.

ஆன்டெனா மட்டும் போதவில்லை. வைஃபை ஒரு வார்த்தை சொன்னால் "ஆகட்டும்" என்று உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். அத்தனை தூரம் போய் வருவதற்குள் பொறுமை இழந்து, செய்தி சேரவில்லை என்று மறுபடி சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் குழுவினர் நிரலைத் திறந்து, இந்த முனை கொஞ்ச நேரம், அந்த முனை கொஞ்ச நேரம் என்று முறைவைத்துப் பேசும்படி மாற்றினார்கள். லினக்ஸ் ஓடும் சின்னப் பலகைகள் என்பதால் மாற்ற முடிந்தது. கிராமத்துப் பாட்டி கேமரா முன்னால் உட்கார, தேனி டாக்டர் முகம் பார்த்துப் பேசி, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று சொன்னார். ஒரு பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

இப்போது எங்கள் ரேழிக்கு வருவோம். கணினியை ரேழியில் வைத்து, ஆறடி கேபிளில் இணைத்து, என் மாடலுக்கான டிடி-டபிள்யூ.ஆர்.டி. ஃபைலை இறக்கினேன். மாடல் மாறினால் காரியம் கெடும் என்பதால், பெட்டியின் அடியில் இருந்த எழுத்தைப் பேத்தி டார்ச் அடித்துப் படித்தாள். பிறகு புது நிரலை ஏற்ற வேண்டும். அந்தச் சில நிமிஷங்களில் கரண்ட் போனால் பெட்டி செங்கல் ஆகிவிடும், அதாவது அதற்குப் பிறகு எழுந்திருப்பது சந்தேகம். இன்வெர்ட்டரில் செருகிவிட்டு, மூன்று பேரும் பேச்சில்லாமல் நின்றோம். 34 வருஷ சர்வீஸில் எத்தனையோ எக்ஸ்சேஞ்சை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் இரவுகளில் நின்றிருக்கிறேன். அந்த நிமிஷங்களும் அப்படித்தான் இருந்தன. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

மற்றது சுலபம். வேலை முறையை கிளையண்ட் பிரிட்ஜ் என்று வைத்தேன். ரேழி வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தேன். ரேழி ரவுட்டரின் முகவரி 192.168.1.1, அதனால் இதற்கு 192.168.1.2. கணினிகளுக்கு எண் வழங்கும் வேலை ரேழிக்காரருக்கு மட்டும், இதற்கு இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் சாவி வைத்துக்கொண்டால் குழப்பம்தான்.

இரண்டாம் கட்டில் வைத்தால் அலை சரியாக எட்டவில்லை. சுவர்தான் காரணம். முற்றத்து ஓரமாக, ரேழிக் கதவு நேரே தெரியும் ஒரு மாடத்தில் வைத்தேன். விளக்கு நின்று எரிந்தது. அந்த மாடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஆறடி கேபிள் கணினிக்குச் சரியாக எட்டியது. நாங்கள் கணினி மேஜையைத்தான் இரண்டடி நகர்த்தினோம்.

நேர்முகத் தேர்வு நாற்பது நிமிஷம் நடந்தது. நடுவே தெருவில் ஆட்டோ வந்து போனதாம், உள்ளே கேட்கவில்லை. வேலை கிடைத்தது. சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, நவம்பரில்தான் சேர்ந்தாள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. பாலம் போட்ட பிறகு அதே இரண்டு ரவுட்டரையும் கேபிளாலும் இணைத்துவிடாதீர்கள், ரேடியா அம்மையார் சொன்ன சுற்றல் வந்துவிடும். கடவுச்சொல் முறையில் டபிள்யூ.இ.பி. என்ற பழையதைத் தொடாதீர்கள், அது 2001-லேயே உடைபட்டது. டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது அதற்குப் புதியதை வையுங்கள். மிகப் பழைய பெட்டிக்குப் புதுத் திருத்தங்கள் வராது என்பதால், அவசரத்துக்கு ஓட்டிவிட்டு, பிறகு கழற்றிவிடுவது நல்லது. நானும் கடை திறந்ததும் நீளக் கேபிள் வாங்கிப் போட்டுவிட்டேன்.

பெட்டி மறுபடி பரணில் இருக்கிறது. போன பொங்கலுக்கு ஒழிக்கும்போது மனைவி அதைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. துணியால் துடைத்து, அடாப்டர் வயரை அதன்மேலேயே சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.